டாக்ஸ்ட்ரிங்கைச் சரிபார்க்க ஒரு செக்கர்: ரஃப் அமைக்கலாம் வாங்க



ஏழாவது செமஸ்டர் தொடங்கியதும் பல டீம்களுக்கு நடப்பது இதுதான். கைடு ஒரு பழைய ப்ராஜெக்டைக் காட்டி, "இதையே எக்ஸ்டெண்ட் பண்ணுங்கப்பா" என்பார். அதை எழுதிய சீனியர்கள் பாஸ் ஆகி வேலைக்குப் போயாச்சு. கிட்ஹப்பில் ரெப்போ மட்டும் இருக்கிறது. திறந்தால் யூட்டில்ஸ் என்று ஒரு ஃபைல். உள்ளே ப்ராசஸ், ப்ராசஸ்2, ப்ராசஸ்_ஃபைனல், ப்ராசஸ்_ஃபைனல்_நியூ! எது என்ன செய்கிறது, எதைக் கொடுத்தால் எது திரும்பி வரும் என்று ஒரு வரி விளக்கம் கிடையாது. முதல் சில வாரங்கள் நிரல் எழுதுவதில் போகாது, அடுத்தவர் எழுதியதைப் புரிந்துகொள்வதிலேயே போய்விடும். அடுத்த வருஷம் உங்கள் ரெப்போ உங்கள் ஜூனியர் கைக்குப் போகும்போது அவர்களுக்கும் இதே கதைதான்.

இதற்கு பைத்தானில் இருக்கும் மருந்து டாக்ஸ்ட்ரிங். அதை ஒழுங்காக எழுதுகிறோமா என்று பார்த்துச் சொல்ல ஒரு செக்கரை எப்படி அமைப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை. அமைப்பதற்குப் பத்து நிமிஷம் போதும். எந்த விதியை எப்போது ஆன் செய்வது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அதில் சொதப்பினால், டாக்ஸ்ட்ரிங் இல்லாத ரெப்போவைவிட மோசமான ஒரு ரெப்போ கிடைக்கும். எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

ஒரு சின்னக் குறிப்பு: கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். டெர்மினலிலும் ஃபைலிலும் அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

முதலில், கமென்ட்டுக்கும் டாக்ஸ்ட்ரிங்குக்கும் என்ன வித்தியாசம்? # போட்டு எழுதுகிற கமென்ட்டை பைத்தான் கண்டுகொள்வதே இல்லை. ஆனால் ஒரு ஃபங்ஷனுக்குள் முதல் வரியாக, மூன்று மேற்கோள் குறிக்குள் ஒரு ஸ்ட்ரிங் எழுதினால், பைத்தான் அதை எடுத்து அந்த ஃபங்ஷனோடு சேர்த்து __டாக்__ என்ற பெயரில் வைத்துக்கொள்கிறது. அதனால்தான் ஹெல்ப்(ஃபங்ஷன் பெயர்) என்று கேட்டால் விளக்கம் வருகிறது. விஎஸ் கோடில் ஃபங்ஷன் பெயர்மேல் மவுஸை வைத்தால் ஒரு பெட்டி திறக்குமே, அதில் வருவதும் இதே ஸ்ட்ரிங்தான். முதல் வரி என்பது முக்கியம். அதற்கு மேலே வேறு ஏதாவது ஒரு ஸ்டேட்மென்ட் வந்துவிட்டால் அது சும்மா ஒரு ஸ்ட்ரிங், டாக்ஸ்ட்ரிங் இல்லை. எஃப்-ஸ்ட்ரிங்கும் டாக்ஸ்ட்ரிங் ஆகாது. லேபில் நிறைய பேர் குழம்புகிற இடம் இது.

டாக்ஸ்ட்ரிங் எப்படி இருக்க வேண்டும் என்பதைச் சொல்லும் ஆவணம் பெப் 257. டேவிட் குட்ஜரும், பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ராசமும் எழுதியது, 2001ஆம் ஆண்டு. ரொம்பச் சின்ன ஆவணம், ஒரு டீ குடிக்கும் நேரத்தில் படித்துவிடலாம். அதை வைத்து நிரலைச் சோதிக்கும் ஒரு கருவியும் வந்தது. அதன் பெயரும் பெப்257தான். கருவி சொல்வதெல்லாம் அதிகாரபூர்வமான பைத்தான் சட்டம் என்று ஆட்கள் நினைக்க ஆரம்பித்ததால், பெயரை மாற்றச் சொல்லி கைடோவே கேட்டார். 2016இல் அது பைடாக்ஸ்டைல் ஆனது. இந்தக் கதையை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். செக்கர் ஒரு கருவி மட்டும்தான், அது போடும் விதிகளில் எது நமக்கு வேண்டும் என்று தேர்ந்தெடுப்பது நம் வேலை.

2023இல் பைடாக்ஸ்டைலைப் பராமரிப்பதை நிறுத்திவிட்டார்கள். இனிமேல் ரஃப் பயன்படுத்துங்கள் என்று அவர்களே எழுதி வைத்துவிட்டார்கள். யூடியூபில் பழைய வீடியோ பார்த்து பைடாக்ஸ்டைலை இன்ஸ்டால் பண்ண வேண்டாம். ரஃப் (ஆர், யூ, எஃப், எஃப்) என்பது சார்லி மார்ஷ் தொடங்கிய கருவி, 2022இல் வெளிவந்தது. ரஸ்ட் மொழியில் எழுதியதால் பயங்கர வேகம். பைடாக்ஸ்டைலின் விதிகளை அதே எண்களோடு உள்ளே எடுத்துக்கொண்டிருக்கிறது. எல்லாம் டி என்ற எழுத்தில் தொடங்கும்: டி103, டி205 என்பது போல.

சரி, இப்போ கையை வைப்போம். உங்கள் ப்ராஜெக்டின் விர்ச்சுவல் என்விரான்மென்டை ஆன் செய்துவிட்டு,

பிப் இன்ஸ்டால் ரஃப்

முடிந்ததும் ரஃப் செக் என்று அடித்துப் பாருங்கள். டாக்ஸ்ட்ரிங் பற்றி ஒரு வார்த்தையும் வராது. பயப்படாதீங்க, டி விதிகள் தானாக ஓடாது, நாம்தான் கேட்க வேண்டும். அதனால்,

ரஃப் செக் --செலக்ட் டி --ஸ்டாட்டிஸ்டிக்ஸ்

கடைசியில் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் போடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அது இல்லாமல் ஓட்டினால் பழைய ப்ராஜெக்டில் எரர் மழையாகக் கொட்டும், ஸ்க்ரோல் பண்ணியே கை வலிக்கும். இது இருந்தால் எந்த விதி எத்தனை முறை மீறப்பட்டிருக்கிறது என்று சுருக்கமாக ஒரு பட்டியல் மட்டும் வரும். ஒரு விதி என்னவென்று தெரியாவிட்டால் கூகுள் பண்ண வேண்டாம், ரஃப் ரூல் டி205 என்று அடித்தால் விளக்கமும் உதாரணமும் டெர்மினலிலேயே வந்துவிடும். நெட் இல்லாத லேபில் இது பெரிய உதவி.

அந்த முதல் ஓட்டத்தில் மேலே ஒரு வார்னிங் வந்திருக்கும், கவனித்தீர்களா? டி203ம் டி211ம் சேர்ந்து போகாது, டி212ம் டி213ம் சேர்ந்து போகாது என்று. காரணம் வேடிக்கையானது. கிளாஸின் டாக்ஸ்ட்ரிங்குக்கு மேலே ஒரு காலி வரி வேண்டும் என்கிறது டி203. இருக்கவே கூடாது என்கிறது டி211. சுருக்க வரி மேற்கோள் குறியை ஒட்டியே தொடங்க வேண்டும் என்கிறது டி212. அடுத்த வரியில் தொடங்க வேண்டும் என்கிறது டி213. இரண்டையும் ஒரே நேரத்தில் யாராலும் திருப்திப்படுத்த முடியாது. வெவ்வேறு டீம்களின் வெவ்வேறு பழக்கங்களுக்காக எல்லா விதிகளையும் ஒரே கடையில் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். எது வேண்டும் என்று நாம் சொல்லியாக வேண்டும்.

ஒவ்வொன்றாகச் சொல்லத் தேவையில்லை. கன்வென்ஷன் என்று ஒரு செட்டிங் இருக்கிறது. பெப்257, நம்பை, கூகுள் என்று மூன்று தேர்வு. ஒன்றைச் சொன்னால் அதற்கு ஒத்துவராத விதிகளை ரஃப் தானே அணைத்துவிடும். சயின்டிஃபிக் கம்ப்யூட்டிங் பக்கம் போகிறவர்கள் நம்பை பாணிக்குப் பழகுவது நல்லது, அங்கே எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். மற்றபடி கல்லூரி ப்ராஜெக்டுக்கு என் ஓட்டு கூகுளுக்கு. எழுதவும் எளிது, படிக்கவும் எளிது.

ப்ராஜெக்டின் மேல் ஃபோல்டரில் பைப்ராஜெக்ட்.டாமல் என்ற ஃபைல் இருந்தால் திறங்கள், இல்லையென்றால் புதிதாக உருவாக்குங்கள். அதில் இது போதும்:

[டூல்.ரஃப்.லின்ட்]
எக்ஸ்டெண்ட்-செலக்ட் = ["டி"]
இக்னோர் = ["டி1"]

[டூல்.ரஃப்.லின்ட்.பைடாக்ஸ்டைல்]
கன்வென்ஷன் = "கூகுள்"

[டூல்.ரஃப்.லின்ட்.பெர்-ஃபைல்-இக்னோர்ஸ்]
"டெஸ்ட்ஸ்/**" = ["டி"]

வெறும் செலக்ட் என்று போட்டால் ரஃப் வழக்கமாகப் பார்க்கும் மற்ற தவறுகள் (பயன்படுத்தாத இம்போர்ட், டிக்ளேர் செய்யாத பெயர் மாதிரி) எல்லாம் போய் டி மட்டும் நிற்கும். எக்ஸ்டெண்ட்-செலக்ட் என்றால் இருப்பதோடு டியும் சேரும். கடைசிப் பகுதி, டெஸ்ட் ஃபைல்களை விட்டுவிடச் சொல்கிறது. டெஸ்ட் ஃபங்ஷனுக்குப் பெயரே விளக்கமாக இருக்க வேண்டும், அங்கே போய் டாக்ஸ்ட்ரிங் கேட்பது வீண்.

இக்னோர் வரியில் டி1 மட்டும் இருக்கிறதே, அது என்ன? இங்கேதான் நான் மேலே சொன்ன விஷயம் வருகிறது.

டி100 முதல் 107 வரை உள்ளவை "இங்கே டாக்ஸ்ட்ரிங்கே இல்லையே" என்று சொல்லும் விதிகள். மாட்யூலுக்கு டி100, கிளாஸுக்கு டி101, மெத்தடுக்கு டி102, ஃபங்ஷனுக்கு டி103 என்று போகும். மற்ற விதிகள், அதாவது 200, 300, 400 வரிசைகள், ஏற்கெனவே எழுதிய டாக்ஸ்ட்ரிங்கின் வடிவத்தைப் பார்ப்பவை. டி1 என்று போட்டால் முதல் வகை முழுவதும் அணைந்துவிடும்.

முதல் நாளே டி1ஐ ஆன் செய்தால் என்ன ஆகும் தெரியுமா? நூற்றுக்கணக்கில் எரர் வரும். மறுநாள் ரிவ்யூ. டீமில் ஒருத்தர் உட்கார்ந்து ஒவ்வொரு ஃபங்ஷனுக்குள்ளும் "ப்ராசஸ் ஃபங்ஷன்.", "ப்ராசஸ்2 ஃபங்ஷன்." என்று அடித்துத் தள்ளுவார். இப்போதெல்லாம் ஏஐ கருவியிடம் கொடுத்தால் இன்னும் அழகான ஆங்கிலத்தில் அதே வெறுமையை எழுதித் தரும். செக்கர் வாயை மூடிக்கொள்ளும், எல்லாம் பச்சை. இனிமேல் எந்த ஃபங்ஷனுக்கு நிஜமாகவே விளக்கம் தேவை என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. டாக்ஸ்ட்ரிங் இல்லாத ஃபங்ஷன் குறைந்தபட்சம் "என்னை யாரும் விளக்கவில்லை" என்று உண்மையைச் சொல்கிறது. இந்தப் போலி டாக்ஸ்ட்ரிங் அதையும் மறைத்துவிடுகிறது.

ஆகவே முதல் கட்டத்தில் வடிவ விதிகள் மட்டும். இவை சில எரர்களோடு முடிந்துவிடும். பலவற்றை ரஃப் செக் --ஃபிக்ஸ் என்று அடித்தால் ரஃப்பே திருத்தித் தரும். எதைத் தானாகத் திருத்த முடியுமோ அதன் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி இருக்கும்.

வடிவ விதிகளில் ஒன்றிரண்டை மட்டும் புரிந்துகொண்டால் போதும். டி205: சுருக்க வரிக்கும் விரிவான விளக்கத்துக்கும் நடுவில் ஒரு காலி வரி. இது அழகுக்காக இல்லை. ஸ்ஃபிங்க்ஸ் மாதிரி டாக்குமென்ட் தயாரிக்கும் கருவிகள் அட்டவணையில் சுருக்கத்தை மட்டும் எடுத்துப் போடும். காலி வரி இல்லையென்றால் எது சுருக்கம், எது விளக்கம் என்று அவற்றுக்குத் தெரியாது. டி415: முதல் வரி முற்றுப்புள்ளி, கேள்விக்குறி, ஆச்சரியக்குறி ஏதாவது ஒன்றில் முடிய வேண்டும். இது கொஞ்சம் நச்சரிப்புதான். ஆனால் வாக்கியத்தை முடிக்கச் சொல்வதால், பாதியில் விட்ட விளக்கங்கள் கண்ணில் படும்.

டி401 பற்றி ஒரு வார்த்தை. முதல் வரி ஏவலில் இருக்க வேண்டும் என்கிறது அது. பள்ளி இலக்கணத்தில் படித்தோமே, ஏவல் வினை, அதேதான். "சராசரியைக் கணக்கிடுகிறது" என்று இல்லாமல் "சராசரியைக் கணக்கிடு" என்று எழுதச் சொல்கிறது. பெப் 257லேயே இருக்கும் யோசனை இது. ஆனால் கூகுள் கன்வென்ஷனில் இந்த விதி அணைந்திருக்கும். செக்கர் இதை ஆங்கில வினைச்சொற்களை வைத்துத்தான் கணிக்கிறது. டாக்ஸ்ட்ரிங்கைத் தமிழில் எழுதுகிறவர்களுக்கு (எழுதலாம், பைத்தான் ஒன்றும் சொல்லாது) இந்த விதியால் பயன் இல்லை. எந்த மொழியாக இருந்தாலும் ரெப்போ முழுக்க ஒரே மாதிரி இருந்தால் சரி.

வடிவம் சுத்தமானதும் இரண்டாம் கட்டம். டி1 இருந்த இடத்தில் டி100, டி104, டி105, டி107 என்று மாற்றுங்கள். இப்போது கிளாஸ், மெத்தட், ஃபங்ஷன் மூன்றுக்கும் டாக்ஸ்ட்ரிங் கட்டாயம். மாட்யூல், பேக்கேஜ், __ஸ்ட்ர்__ மாதிரி மேஜிக் மெத்தட்கள், __இனிட்__ இவற்றுக்கு விலக்கு. கிளாஸின் டாக்ஸ்ட்ரிங்கிலேயே சொன்னதை __இனிட்__டில் திரும்பச் சொல்லச் சொன்னால் மறுபடியும் போலிதான் பிறக்கும். இந்த விதிகள் பப்ளிக் ஆனவற்றை மட்டும்தான் கேட்கும். பெயர் அண்டர்ஸ்கோரில் தொடங்கினால் அது உள்வேலை என்று விட்டுவிடும். இதைத் தெரிந்துகொண்டு எல்லா ஃபங்ஷனுக்கும் முன்னால் ஒரு அண்டர்ஸ்கோர் ஒட்டும் புத்திசாலிகளும் உண்டு, ரிவ்யூவில் கவனியுங்கள்.

இப்போது, செக்கருக்குத் தெரியாத விஷயத்துக்கு வருவோம். சிஜிபிஏ கணக்கிடும் ஒரு ஃபங்ஷனை எடுத்துக்கொள்வோம். இரண்டு லிஸ்ட் வாங்குகிறது: பாயின்ட்ஸ், கிரெடிட்ஸ். ஒவ்வொரு பாடத்தின் கிரேடு பாயின்டையும் கிரெடிட்டால் பெருக்கி, கூட்டி, மொத்த கிரெடிட்டால் வகுக்கிறது. டாக்ஸ்ட்ரிங்: "சிஜிபிஏவைக் கணக்கிடு." முற்றுப்புள்ளி உண்டு, ஒரே வரியில் அடங்குகிறது, ஏவலிலும் இருக்கிறது. ரஃப் முழு மார்க் போடும்.

ஆனால் இதைப் பயன்படுத்தப் போகிற ஜூனியருக்கு என்ன தெரிய வேண்டும்? அரியர் வைத்த பாடத்தைக் கணக்கில் விடுகிறதா, பூஜ்யமாகச் சேர்க்கிறதா? இரண்டு லிஸ்ட்டின் நீளமும் வேறாக இருந்தால் எரர் தருமா, இல்லை சத்தமில்லாமல் குறைந்த நீளம் வரை மட்டும் கணக்கிடுமா? சிப் ஃபங்ஷனைப் போட்டு எழுதியிருந்தால் இரண்டாவதுதான் நடக்கும், தப்பான சிஜிபிஏ எந்த எச்சரிக்கையும் இல்லாமல் வெளியே வரும். லிஸ்ட் காலியாக இருந்தால் பூஜ்யத்தால் வகுக்கும் எரரா? திரும்பி வருவது இரண்டு தசமத்துக்குச் சுருக்கியதா? ஃபங்ஷனின் பெயரைப் பார்த்தால் ஊகிக்க முடியாத இந்த விஷயங்களுக்குத்தான் டாக்ஸ்ட்ரிங். பெயரிலேயே இருப்பதை வாக்கியமாக்குவதற்கு இல்லை.

கூகுள் பாணியில் ஆர்க்ஸ், ரிட்டர்ன்ஸ், ரெய்சஸ் என்று மூன்று பகுதி எழுதலாம். ஆர்க்ஸில் பாயின்ட்ஸை விளக்கிவிட்டு கிரெடிட்ஸை மறந்தால் டி417 பிடித்துவிடும். நல்ல விதி. ஆனால் அதன் எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள்: ஆர்க்ஸ் பகுதியே எழுதாமல் விட்டால் அது ஒன்றும் கேட்காது. ஃபங்ஷனில் இருந்து நீங்கள் நீக்கிவிட்ட பழைய ஆர்க்யூமென்ட் டாக்ஸ்ட்ரிங்கில் இன்னும் உட்கார்ந்திருந்தாலும் கேட்காது. டாக்ஸ்ட்ரிங்கையும் ஃபங்ஷனின் தலைப்பு வரியையும் இன்னும் கறாராக ஒப்பிட பைடாக்லின்ட் என்று தனிக் கருவி இருக்கிறது. ரஃப் பழகிய பிறகு அதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

எந்த லின்ட் கருவியாலும் பிடிக்க முடியாதது ஒன்று உண்டு. போன மாதம் ஃபங்ஷன் சதவீதத்தைத் திருப்பித் தந்தது, டாக்ஸ்ட்ரிங்கிலும் அப்படியே எழுதினீர்கள். இந்த மாதம் யாரோ அதைப் பத்துக்கு என மாற்றிவிட்டார், டாக்ஸ்ட்ரிங்கைத் தொடவில்லை. வடிவம் கச்சிதம், உள்ளடக்கம் பொய். இதற்குப் பைத்தானிலேயே, எதையும் இன்ஸ்டால் செய்யாமலே, ஒரு வழி இருக்கிறது: டாக்டெஸ்ட். டாக்ஸ்ட்ரிங்குக்குள் ஒரு உதாரணம் எழுதுங்கள்:

>>> சிஜிபிஏ([10, 8], [3, 3])
9.0

பிறகு, பைத்தான் -எம் டாக்டெஸ்ட் என்று அடித்து ஃபைலின் பெயரைக் கொடுங்கள். மூன்று > குறிக்குப் பின்னால் இருப்பதை நிஜமாகவே ஓட்டி, கீழே நீங்கள் எழுதிய விடையோடு ஒப்பிடும். சரியாக இருந்தால் ஒன்றும் சொல்லாது. யாராவது சதவீதத்துக்கு மாற்றியிருந்தால் "9.0 எதிர்பார்த்தேன், 90.0 வந்தது" என்று காட்டிக்கொடுத்துவிடும். பைடெஸ்ட் பயன்படுத்துகிறவர்கள் --டாக்டெஸ்ட்-மாட்யூல்ஸ் சேர்த்தால் மற்ற டெஸ்ட்டுகளோடு இதுவும் ஓடும். எல்லா ஃபங்ஷனுக்கும் முடியாது. டேட்டாபேஸ், கேமரா, சென்சார் என்று வெளியே கை நீட்டுபவற்றுக்கு இது சரிப்படாது. கணக்குப் போடும் ஃபங்ஷன்களுக்கு அருமை.

இனி இதையெல்லாம் ஞாபகம் வைத்து ஓட்டுவது யார்? யாரும் வேண்டாம். விஎஸ் கோடில் ரஃப் எக்ஸ்டென்ஷனைப் போட்டால் எழுதும்போதே கோடு போட்டுக் காட்டும். ப்ரீ-கமிட் என்ற கருவியில் ரஃப்பைச் சேர்த்தால் கிட் கமிட் அடிக்கும்போதே சோதித்து, தவறு இருந்தால் நிறுத்திவிடும். ஆனால் --நோ-வெரிஃபை என்று போட்டு அதைத் தாண்டிப் போக முடியும், ராத்திரி 2 மணிக்கு எல்லோரும் போடுவார்கள். அதனால் கிட்ஹப் ஆக்ஷன்ஸிலும் ஒரு ஸ்டெப்பாக ரஃப் செக்கை வையுங்கள். தவறு இருந்தால் ரஃப் 1 என்ற எக்ஸிட் கோடோடு முடியும், ஆக்ஷன்ஸ் சிவப்பு காட்டும். ஒரு முக்கியமான விஷயம், ரஃப்பின் பதிப்பு எண்ணை ரெக்வயர்மென்ட்ஸ் ஃபைலில் பூட்டிவிடுங்கள். புதுப் பதிப்பில் விதிகள் மாறலாம். உங்கள் லேப்டாப்பில் பச்சை, நண்பர் லேப்டாப்பில் சிவப்பு என்று சண்டை வேண்டாம்.

கடைசியாக, சீனியர்களிடமிருந்து வந்த அந்தப் பழைய ரெப்போ. முன்னூறு ஃபங்ஷனுக்கு டாக்ஸ்ட்ரிங் இல்லை, எல்லாவற்றையும் இப்போதே எழுத நேரமும் இல்லை, அவை என்ன செய்கின்றன என்றும் தெரியாது. இரண்டாம் கட்டத்தை ஆன் செய்துவிட்டு ஒரே ஒரு முறை ரஃப் செக் --ஆட்-நோக்வா என்று ஓட்டுங்கள். இப்போது இருக்கும் ஒவ்வொரு தவறின் வரியிலும் # நோக்வா: டி103 மாதிரி ஒரு குறிப்பை அது ஒட்டிவிடும். பழையவை பற்றிச் செக்கர் கேட்காது, நீங்கள் புதிதாக எழுதுபவற்றை மட்டும் கேட்கும். அந்தக் குறிப்பு இருக்கும் இடமெல்லாம் "இன்னும் யாரும் விளக்கவில்லை" என்று வெளிப்படையாகத் தெரியும், போலி டாக்ஸ்ட்ரிங் மாதிரி மறைக்காது. ஒரு பழைய ஃபங்ஷனுக்குள் போய் வேலை செய்து, அது என்ன செய்கிறது என்று நிஜமாகப் புரிந்த அன்று டாக்ஸ்ட்ரிங் எழுதிவிட்டு நோக்வாவை நீக்குங்கள். மறந்துவிட்டால்? எக்ஸ்டெண்ட்-செலக்டில் ஆர்யூஎஃப்100 என்ற விதியையும் சேர்த்து வையுங்கள். தேவையில்லாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் நோக்வாக்களை அது சுட்டிக்காட்டும், --ஃபிக்ஸ் போட்டால் நீக்கியும் விடும். மிச்சம் எத்தனை இருக்கிறது என்று பார்க்க, கிட் க்ரெப் நோக்வா.